கழித்த பொருளும் கழியாத செய்தியும்

நம் துறவோர்க்கு உரிய ஐந்து சமிதிகளுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது கழிவை இடும் ஒழுக்கம். எதனை எங்கே இடுகிறோம், அங்கே உயிர்கள் உளவா, இட்டபின் அது எவர்க்கேனும் துன்பம் தருமா என்று பார்த்து இடுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இல்லறத்தில் உள்ளோர் அத்துணை நுணுக்கமாக அதனைப் பின்பற்ற இயலாது. எனினும் வீட்டுக் குப்பையைப் பற்றி ஓரளவேனும் எண்ணிப் பார்க்கிறோம். பழைய கணிப்பொறியையும் பழைய கைப்பேசியையும் வெளியே அனுப்பும்போது மட்டும் அவ்வெண்ணம் நமக்கு வருவதில்லை. அது வராமையால் நேர்ந்த ஒன்றைக் கூறி இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

நம் உறவில் மூத்தவர் ஒருவர்; ஓய்வு பெற்ற ஆசிரியர். ஏறத்தாழ 16 ஆண்டுகள் நம் சமூகத்து வரன் விவரங்களைத் திரட்டி வந்தார். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களிலிருந்து வந்த படிவங்களைத் தாமே தம் கணிப்பொறியில் தட்டச்சு செய்து வைப்பார். பெயர், பிறந்த நாள், நட்சத்திரம், படிப்பு, மாத வருமானம், வீட்டு முகவரி, தொலைபேசி எண், நிழற்படம் என எல்லாம் அதில் இருந்தன. சில பெண்களின் முதல் மணம் முறிந்த காரணங்கூட, பெற்றோர் நம்பிச் சொன்னவாறே, குறிப்பாக எழுதப்பட்டிருந்தது. ஒரு காசு வாங்காமல் அவர் செய்த தொண்டு அது. அதனால் அமைந்த திருமணங்கள் பல.

அவர் காலமான பின் மக்கள் இருவரும் வீட்டை ஒழித்தனர். ஓடாத மிக்சி, துருப்பிடித்த மின்விசிறி, இரும்புக் கட்டில் ஆகியவற்றோடு அக்கணிப்பொறியும் காயலான் கடைக்கு எடைக்குப் போயிற்று. மூன்று மாதம் கழித்துப் பட்டியலின் படி ஒன்றைக் கேட்டு நாம் சென்றபோதுதான் செய்தி தெரிந்தது. கடைக்குச் சென்று விசாரித்தோம். பெட்டிகள் எல்லாம் மூட்டையாகச் சென்னைக்குப் போய்விட்டன என்றார் கடைக்காரர். யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை. நம் முகவாட்டத்தைக் கண்ட மூத்த மகன், "கவலைப்படாதீங்க மாமா, குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன்" என்று ஆறுதல் கூறினார்.

அவர் அழித்தது எது, அழியாதது எது என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டது.

பழங்காலத்தில் செல்லரித்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. அதனால் எத்தனையோ நூல்களை இழந்தோம் என்பது வேறு துயரம். ஆனால் ஏடு போனால் எழுத்தும் போயிற்று, அதில் ஐயமில்லை. கணிப்பொறியில் எழுத்து அவ்வாறு போவதில்லை. அதன் ஹார்டு டிஸ்க்கினை நூறாயிரம் பக்கங்கள் உள்ள ஒரு நூலாகக் கொள்வோம். நூலின் முதலில் ஒரு பொருளடக்கம் உண்டு. 'டெலிட்' செய்யும்போது கணிப்பொறி என்ன செய்கிறது? பொருளடக்கத்தில் அந்தத் தலைப்பை மட்டும் அடித்துவிட்டு, 'இப்பக்கங்கள் இனிப் பிறவற்றை எழுதப் பயன்படும்' என்று குறித்துக்கொள்கிறது. பக்கங்களில் இருக்கும் எழுத்தைத் தொடுவதில்லை. புதிதாக ஒன்று அவற்றின்மேல் எழுதப்படும் வரை பழைய எழுத்து அப்படியே கிடக்கும். விரைவு முறையில் 'ஃபார்மட்' செய்வதும் ஏறக்குறைய இத்தகையதே. பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு வெற்றுப் பொருளடக்கம் ஒன்றை ஒட்டுவது போன்றது. பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்துத் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த சிம்சன் கார்ஃபிங்கெலும் அபி ஷெலத்தும் 2000 முதல் 2002 வரை பழைய பொருள் சந்தையில் 158 ஹார்டு டிஸ்க்குகளை விலைக்கு வாங்கினர். அவற்றுள் 129 இயங்கின. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஏனையவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள், மருத்துவக் குறிப்புகள், காதற் கடிதங்கள் முதலியன வெளிப்பட்டன. ஒன்று வங்கியின் பணம் வழங்கும் இயந்திரத்தில் இருந்தது. வாடிக்கையாளர் கணக்கு எண்கள் அதில் அப்படியே கிடந்தன. 2003இல் இவ்வாய்வு வெளிவந்தது. அதன்பின் கானா நாட்டுச் சந்தையில் வாங்கிய ஒரு டிஸ்க்கில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குப் பணிசெய்யும் நார்த்ராப் கிரம்மன் நிறுவனத்தின் ஒப்பந்த ஆவணங்கள் இருந்ததை 2009இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி காட்டிற்று. அமெரிக்காவில் கழித்த பொருள் ஆப்பிரிக்கக் கடற்கரை வரை வந்தது. உள்ளிருந்த செய்தியும் உடன் வந்தது.

பெரிய நிறுவனங்கள் இதில் நம்மினும் கவனமாக இருக்கும் என்று எண்ண வேண்டா. மார்கன் ஸ்டான்லி என்னும் நிதி நிறுவனம் 2016இல் தன் பழைய கணிப்பொறிக் கூடங்களை ஒழிக்கும் பணியை, டிஸ்க்குகளைத் துடைப்பதில் அனுபவமே இல்லாத ஓர் இடம் பெயர்ப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு கருவிகள் இணையத்தில் ஏலத்திற்கு வந்தன. இதன் பொருட்டு 2020இல் 6 கோடி டாலரும், 2022இல் 3.5 கோடி டாலரும் அந்நிறுவனம் தண்டமாகக் கட்ட நேர்ந்தது. வீட்டை ஒழித்த அவ்விரு சகோதரர்களும் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு அளவில்தான்.

உலோகத்தின் பயணம்

செய்தியை ஒருபுறம் வைத்துப் பொருளைச் சற்றுப் பார்ப்போம். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. அதில் முறையாகத் திரட்டிச் சீர்செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி எங்குச் செல்கிறது என்பதைத் தில்லியின் சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களைப் பற்றிப் படித்தோர் அறிவர். செம்புக்காக மின்கம்பிகளைக் கொளுத்துவர். மின்சுற்றுப் பலகைகளை அமிலத்தில் இட்டுப் பொன்னைப் பிரிப்பர். ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவை மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. புகையை உட்கொள்வோர் கையுறையும் முகக்கவசமும் இல்லாத ஏழை மக்கள். அவர்களுள் சிறுவரும் உண்டு. ஓர் உயிரையும் நோகச் செய்யலாகாது என்று இரவு உணவைத் தவிர்க்கும் நம் வீடுகளிலிருந்து செல்லும் பொருளும் அத்தீயிலே விழுகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

இக்கழிவைக் கூட்டும் புதியதொரு காரணமும் வந்துள்ளது. அதுவே இயந்திரக் கற்றல். அதற்கென உருவாகும் கணிப்பொறிகள் சில ஆண்டுகளிலேயே பழையனவாகி மாற்றப்படுகின்றன. எழுதவும் வரையவும் வல்ல செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் 2020 முதல் 2030 வரை மொத்தம் 12 இலட்சம் முதல் 50 இலட்சம் டன் வரை மின்னணுக் கழிவு சேரக்கூடும் என்று 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மொத்தக் கழிவை நோக்க இது சிறு பங்கே. ஆயின் இயந்திரக் கற்றல் கேட்பது உலோகத்தை மட்டும் அன்று.

இயந்திரத்தின் பசி

இயந்திரக் கற்றல் என்பது யாது? பழைய முறையில் கணிப்பொறிக்கு விதிகளை ஒவ்வொன்றாக எழுதித் தருவர். இம்முறையில் விதிகளை எழுதுவதில்லை; எடுத்துக்காட்டுகளைக் குவித்துத் தருவர். பூனையை அடையாளம் காணக் கற்பிக்க வேண்டுமாயின் பூனையின் இலக்கணம் எழுதாமல் ஆயிரக்கணக்கான பூனைப் படங்களைக் காட்டுவர். அவற்றிலுள்ள ஒப்புமையை இயந்திரமே கண்டு, கோடிக்கணக்கான எண்களாகத் தன்னுள் பதித்துக்கொள்ளும். ஆகவே இதன் முதல் தேவை எடுத்துக்காட்டுகளே. அவை எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நன்று. 2009இல் தொடங்கிய இமேஜ்நெட் என்னும் தொகுப்பில் 1.4 கோடி படங்கள் உள்ளன. 2022இல் வந்த லயான் என்னும் தொகுப்போ 585 கோடி படங்களின் இணைய முகவரிகளையும் அவற்றின் விளக்கங்களையும் கொண்டது. இவ்வளவையும் மனிதர் ஒருவர் பார்த்துத் தேர்ந்திருக்க இயலாது என்பது வெளிப்படை. இணையத்தில் கிடந்ததை மென்பொருள் வாரி எடுத்தது.

அவ்வாறு வாரியதில் என்ன வந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் இத்தொகுப்பில் தம் முகம் உள்ளதா என்று தேடினார். மருத்துவர் 2013இல் சிகிச்சைக்காக எடுத்த தம் படங்கள் அதில் இருக்கக் கண்டு திடுக்கிட்டார். அப்படங்கள் மருத்துவக் கோப்புக்கு மட்டுமே என்று கையொப்பமிட்டுத் தந்திருந்தார். அம்மருத்துவர் 2018இல் இறந்துவிட்டார். அவருடைய கோப்புகள் எவ்வாறோ கைமாறி, இணையத்தை அடைந்து, அங்கிருந்து இயந்திரத்தின் பாடத்தில் சேர்ந்துவிட்டன.

இச்செய்தியைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தது காயலான் கடை வாசல்தான். இறந்தவர் மருத்துவராயினும் ஆசிரியராயினும், பிறர் நம்பிக் கொடுத்ததைக் காத்து வந்த ஒரு மனிதர் போனபின் அக்காவலும் போயிற்று.

கழித்த டிஸ்க்குகளே ஆராய்ச்சிக்குப் பொருளானதும் உண்டு. மேலே கூறிய கார்ஃபிங்கெல் பின்னர்ப் பல நாடுகளில் பழைய டிஸ்க்குகளை வாங்கி, அவற்றின் உள்ளடக்கத்தைக் கணிப்பொறித் தடயவியல் ஆய்வுக்கான தொகுப்பாக அமைத்தார். அறநெறிக் குழுவின் ஒப்புதலின்றி அதனை எவர்க்கும் தருவதில்லை, நோக்கமும் நல்லதே. ஆயினும் அந்த டிஸ்க்குகளை விற்றவருள் எவரும் தம் கடிதங்கள் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் என்று எண்ணி விற்கவில்லை.

இங்கு ஒன்றை நேர்மையாகக் கூறிவிட வேண்டும். காயலான் கடை மூட்டையிலிருந்து ஒரு டிஸ்க் நேரே ஏதோ ஒரு நிறுவனத்தின் கற்றல் இயந்திரத்திற்குப் போகிறது என்று நாம் சொல்லவில்லை. இடையில் ஒரு படி உண்டு. யாரோ ஒருவர் அதனைத் திறந்து இணையத்தில் ஏற்றவேண்டும். அன்றி எண்களைத் திரட்டி விற்பவரிடம் சேர்க்கவேண்டும். முன்னெல்லாம் அவ்வாறு ஏற்றப்பட்டாலும் கடலில் போட்ட கல்லாகக் கிடந்திருக்கும். இப்போது அக்கடலையே அரிக்கும் வலைகள் வந்துவிட்டன.

வலையில் சிக்கியபின் மீட்க முடியுமா? என்ரான் என்னும் அமெரிக்க நிறுவனம் 2001இல் திவாலாயிற்று. விசாரணை நடத்திய அரசு அமைப்பு 2003இல் அதன் அலுவலர் ஏறத்தாழ 150 பேருடைய மின்னஞ்சல்களைப் பொதுவில் வெளியிட்டது. சுமார் 5 இலட்சம் கடிதங்கள் கொண்ட தொகுப்பாக அவை இன்றும் இயந்திரக் கற்றல் ஆய்வில் பயன்படுகின்றன. அவற்றுள் அலுவலகக் கடிதங்களோடு குடும்பக் கடிதங்களும் இருந்தன. சிலர் வேண்டியதால் சில கடிதங்கள் பின்னர் நீக்கப்பட்டன. அதற்குமுன் படி எடுத்துக்கொண்டவரிடம் இருப்பதை யார் நீக்குவது?

இயந்திரம் கற்றுக்கொண்டபின் நிலை இன்னும் கடினம். 2019இல் வந்த ஜிபிடி-2 என்னும் மொழிக் கருவி ஏறத்தாழ 80 இலட்சம் இணையப் பக்கங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. நிக்கலஸ் கார்லினி முதலிய ஆய்வாளர்கள் அதனிடம் வகைவகையாகத் தொடக்கச் சொற்களைக் கொடுத்துப் பார்த்தனர். பயிற்சியில் படித்த 600க்கும் மேற்பட்ட பகுதிகளை அது எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தது. ஒரு தனிமனிதரின் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியனவும் அதில் இருந்தன. ஹார்டு டிஸ்க்கில் ஒரு செய்தி இன்ன பக்கத்தில் இருக்கிறது என்று சுட்டலாம். அப்பக்கத்தின்மேல் எழுதி மறைக்கலாம். கற்ற இயந்திரத்தில் அச்செய்தி கோடிக்கணக்கான எண்களினூடே பரவிக் கிடக்கிறது. அரைத்த மாவில் கலந்த உப்பைப் பிரித்தெடுப்பது எங்ஙனம்? 'கற்றதை மறக்கச் செய்தல்' என்று ஓர் ஆய்வுத் துறையே 2015 முதல் வளர்ந்து வருகிறது. உறுதியான வழி இன்றும் ஒன்றே: அச்செய்தியை நீக்கிவிட்டு முதலிலிருந்து மீண்டும் பயிற்றுதல். பெரிய கருவிக்கு அதன் செலவு மிகப் பெரிது.

ஆகவே துடைக்கக் கூடிய இடம் ஒன்றுதான். நம் கையில் உள்ள டிஸ்க். அது வாசற்படி தாண்டுமுன் செய்வதே பயன் தரும்.

இயந்திரம் கேட்கும் எல்லாத் தரவும் தீது என்று நாம் கருதவில்லை. மின்னணுக் கழிவைத் தரம் பிரிப்பதற்கே இக்கற்றல் உதவுகிறது. நகரும் பட்டையின்மேல் வரும் பழம்பொருள்களைக் கேமரா கண்டு, உள்ளே மின்கலம் இருப்பதைப் பிரித்துவிடுமாயின் தீ விபத்து குறையும். மனிதர் நஞ்சில் கைவைப்பதும் குறையும். அதற்கு வேண்டுவது உடைந்த கைப்பேசிகள், நசுங்கிய ரிமோட்டுகள், அழுக்கேறிய சார்ஜர்கள் ஆகியவற்றின் பெயரிட்ட படங்கள். கடையில் உள்ள புதுப்பொருளின் படம் பயன்படாது. ஒரே கைப்பேசி நூறு விதமாக உடையக் கூடும். அத்தகைய படங்கள் போதிய அளவில் இல்லை. அதாவது, பழைய பெட்டியின் வெளித்தோற்றமே அங்குத் தேவை. அதனைக் கொடுப்பதால் எவர்க்கும் குறைவில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

கைப்பேசியில் வேலை எளிது. அண்மைக் காலக் கைப்பேசிகள் தம்மில் உள்ளவற்றைப் பூட்டிய எழுத்திலேயே எழுதி வைக்கின்றன. ஆண்ட்ராய்டு வகையில் 2019இல் வந்த பத்தாம் பதிப்போடு வெளியான கைப்பேசிகள் யாவும் அவ்வகையின. 'ஃபாக்டரி ரீசெட்' செய்தால் அப்பூட்டின் சாவி அழியும். எழுத்து இருந்தும் படிக்க இயலாது. பழைய கைப்பேசிகளில் இந்நம்பிக்கை கூடாது. 2015இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 21 பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைச் சோதித்து, ரீசெட் செய்த பின்னும் செய்திகளை மீட்கக் கூடுமெனக் காட்டினர். அத்தகையவற்றில் முதலில் அமைப்புப் பகுதியில் உள்ள 'என்கிரிப்ட்' வசதியை இயக்கிவிட்டுப் பிறகு ரீசெட் செய்தல் வேண்டும். எதுவாயினும் சிம் அட்டையையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுதல் முதற்பணி. வியப்பாயினும் உண்மை, பலர் மறப்பது இதைத்தான்.

சுழலும் தட்டுகள் கொண்ட பழைய ஹார்டு டிஸ்க்காயின், முழுவதன்மேலும் ஒருமுறை வேறு எழுத்தை எழுதிவிடும் மென்பொருளை ஓடவிட்டால் போதும். 35 முறை எழுதவேண்டும் என்பது பழைய கதை. இக்காலத் தட்டுகளுக்கு அது வேண்டுவதில்லை. இயங்காத டிஸ்க்காயின் கழற்றி, தட்டுகளை ஊடுருவுமாறு துளையிடலாம். எஸ்எஸ்டி எனப்படும் புதுவகையிலும் பென் டிரைவிலும் மேலெழுதுதல் முழுப்பயன் தராது. அவை தேய்மானத்தைக் குறைக்க ஒரே செய்தியை வெவ்வேறிடத்தில் மாற்றி மாற்றி எழுதுவதால் பழைய படி எங்கேனும் எஞ்சும். எஸ்எஸ்டியைச் செய்த நிறுவனம் தரும் அழிப்பு வசதியைப் பயன்படுத்தலாம். அஃதில்லையேல் உள்ளிருக்கும் சில்லுகளை உடைத்தலே வழி. கைப்பேசியை மட்டும் சுத்தியால் அடிக்க வேண்டா. உள்ளே உள்ள லித்தியம் மின்கலம் தீப்பற்றும்.

ஜெராக்ஸ் இயந்திரத்திலும் டிஸ்க் உண்டு என்பதைப் பலர் அறியார். 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று நான்கு பழைய நகல் இயந்திரங்களை வாங்கிப் பார்த்தபோது காவல்துறைக் கோப்புகளும் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளும் கிடைத்தன. அலுவலகமோ கடையோ வைத்திருக்கும் நம்மவர் இதனைக் கருதவேண்டும்.

துடைத்தபின் பொருளை எங்கே தருவது? 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். கழிவைச் சீர்செய்விக்கும் பொறுப்பு அப்பொருளைச் செய்த நிறுவனத்தையும் சாரும். ஒரு வீட்டுப் பொருளுக்காகச் சென்னை வரை செல்வது இயலாதெனின், ஓர் ஊரார் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை திரட்டி அனுப்பலாம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய காலத்து எளிமை இதில் இல்லைதான்.

நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. திரட்டிய நோக்கம் நிறைவேறியபின் விவரங்களை அழித்துவிட வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காக வைத்துக்கொள்வதற்கு அச்சட்டம் பொருந்தாது. பல குடும்பங்களின் விவரத்தைச் சமூகத்தின் பொருட்டுத் திரட்டுவதை வீட்டுத் தேவை என்று தள்ளிவிட இயலுமா என்பது நம் ஐயம்.

அப்பட்டியலில் பெயர் இருந்த குடும்பங்களுக்குச் செய்தி சொல்வதா, வீணே அச்சுறுத்துவானேன் என்று விடுவதா என மக்கள் இருவரும் நம்மிடம் கேட்டனர். சொல்லவேண்டும் என்றோம். பழைய படிவக் கட்டுகள் பரணில் இருந்தமையால் முகவரிகள் கிடைத்தன. மூத்தவர் அஞ்சலட்டைக்கு மாறாக மூடிய உறையிலேயே எழுதினார். சிலர் சினந்தனர், சிலர் வருந்தினர், ஒரு தாய் மட்டும், தம் மகளின் முதல் மணம் பற்றிய குறிப்பும் அதில் இருந்ததா என்று கேட்டு, விடை தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டார்.

புதிய பட்டியலை இப்போது இருவர் பொறுப்பில் வைத்துள்ளோம். வருமானம் கேட்கும் கட்டம் எடுக்கப்பட்டுவிட்டது. குறிப்பு என்ற கட்டமும் இல்லை. மணம் முடிந்த செய்தி வந்த அன்றே அப்பெயர் நீக்கப்படும். பொறுப்பாளர் மறைந்தால் கருவிகளை யார் பெற்றுக்கொள்வது என்பதும் எழுதப்பட்டுள்ளது. பெரியவர் பட்டியலைப் படியெடுத்து வைத்திருந்த பென் டிரைவ் இரண்டும் இன்னும் கிடைக்கவில்லை.